காற்று விழுத்தியது

ஆஷ்ஃபோர்டில் பத்தரைக்கு விசாரணை.
ஹீட்டர் வேலை செய்யவில்லை. அதற்காக நீதிபதி பெம்பர்ட்டன்
எங்கள் எல்லோரிடமும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டார்.
குணரத்தினம் கம்பளித் தொப்பியைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்,
ஓடிவிடும் ஏதோ ஒன்றைப் பிடித்திருப்பவர்போல.

நான் மொழிபெயர்ப்பாளர்.
மணிக்குப் பத்தொன்பது பவுண்டு, பயணப்படி தனி.
சொன்னதைச் சொல்வேன், கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
உறுதிமொழி எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

துறை அனுப்பிய இளைஞன்
தாளிலிருந்து தலையெடுக்காமல் படித்தான்:
மனுதாரருக்குக் கிடைத்த ஒன்பதாயிரம்
ஒரு விண்ட்ஃபால்.
எனவே உதவித்தொகையை நிறுத்தியது சரி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதிர்ஷ்டம் என்று தாண்டியிருக்கலாம்.
எதிர்பாராத வரவு என்றால்
கருவூலத்துப் படிவத்தின் வாடை.
பழம் நழுவிப் பாலில் விழுந்தது
நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.
இந்த மனிதரிடம் போய்ப் பால் என்பதா?
வேறு வழியில்லாமல் சொல்லை இரண்டாக உடைத்து
அப்படியே அவர்முன் வைத்தேன்:
"காற்று விழுத்தின பழம் என்கிறார்கள் ஐயா.
சும்மா கிடைத்த காசு என்ற அர்த்தத்தில்."

அவர் யோசித்தார். அவசரப்படவில்லை.

"ஓம், காத்துத்தான்.
ஃபேவர்ஷாம் ஆப்பிள் தோட்டம், செப்டம்பர் பதினாலு,
ஏணியில பதினோராம் படி.
ஆனா பிள்ளை, விழுந்தது பழமில்லை.
நான்."

இதை ஆங்கிலமாக்க ஒரு நொடியும் ஆகவில்லை.
இளைஞன் தாளில் அடுத்த வரியைத் தேடினான்.
மருத்துவ உறுப்பினர் பேனாவை மூடினார், திறந்தார்.
நீதிபதி கேட்டது இதுதான்:
பதினோராம் படி என்றால் எத்தனை மீட்டர்?

ஏதோ ஒரு கடிதம் கோப்பில் இல்லையாம்.
ஆறு வாரம் ஒத்திவைப்பு.

நடைவழியில் சாண்ட்விச்சோடு கைபேசியில் அகராதி பார்த்தேன்.
ஐந்நூறு ஆண்டுக்கு மேலான சொல்.
முதலில் காற்று தள்ளிய மரமும் பழமும்தான்,
காசு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.
பிரபுவின் காட்டில் ஏழை கோடரி வைக்கக் கூடாது,
ஆனால் காற்று முறித்ததை இழுத்துப் போகலாம்
என்று ஒரு கதை சொல்கிறார்கள்.
உண்மையா, தெரியாது.
உண்மையென்றால், புயலுக்காக வேண்டிக்கொண்டு
விழித்திருந்த குடிசைகள் இருந்திருக்கும்,
தம் கூரையும் அதே காற்றில்தான் என்று தெரிந்தே.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கென்று
அவர் தரப்பில் ஒரு வாதம் எழுதிப் பார்த்தேன், மனதுக்குள்.
நிற்கவில்லை.
இங்கே காகமும் அவர், பழமும் அவர்.

நாலு இருபது ரயில். ப்ளக்லி தாண்டி
வேலியோரம் யாரும் பொறுக்காத ஆப்பிள்கள்,
பாதி அழுகி, மேலே குளவிகள்.
ஹெட்கார்ன் வரும்போது, கேட்காமலே, வந்தது:
சூறை.

சுழன்றடிக்கும் காற்று சூறை.
கொள்ளையும் சூறை. ஆடினால் சூறையாடல்.
பிள்ளையார் முன் ஓங்கி உடைக்கிறோமே,
அந்தத் தேங்காயும் சூறைதான்:
சிதறியதை எடுத்தவருக்குச் சொந்தம்,
எவரும் எவரையும் கேட்பதில்லை.
காற்று, பறிகொடுத்தல், பொறுக்கல்
மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் சொல்
என்னிடமே இருந்திருக்கிறது, காலை பத்தரைக்கும்.

ஆனால் அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பேன்?
ஐயா, நீங்கள் உடைந்தீர்கள்,
சில்லு பொறுக்கியவரும் நீங்களே,
இப்போது சில்லுக்குக் கணக்குக் கேட்கிறார்கள் என்றா?
அது கூட்டுவது. உறுதிமொழியில் இல்லை.

பேடக் வுட்டில் மழை பிடித்தது.
படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினேன்:
வேலை செய்த நேரம், ஐம்பது நிமிடம்.
காத்திருந்த நேரம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று
லண்டன் பிரிட்ஜ்வரை தெரியவில்லை.