ஒற்றைக் கோடு

செவ்வாய், வியாழன் சாயங்காலம்
முருகன்குறிச்சி மாடியில்
ரெனால்டு எங்களுக்குச் சொற்களைப் பிரித்துக் காட்டுவான்.
வயது இருபத்துமூன்று.
ஆரல்வாய்மொழி தாண்டிப் போனதில்லை,
தண்ணீர் கேட்டால் மட்டும் லண்டன்காரன்.

ஐந்து நர்சுகள் நாங்கள்.
அயர்லாந்து என்கிற ஒரே ஊருக்கு
ஐந்து விதமான கடன்.
கடன் என்றதும்தான் நினைவு:
வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட்.
இதில் மட்டும் நான் தப்புப் பண்ணியதே இல்லை.
நாத்தனாருக்கு லெண்ட் பண்ணிய ரெண்டு பவுன்
மூன்று வருசமாக எனக்கு
இலக்கணம் சொல்லித் தருகிறது.

வலியில்தான் திணறினோம்.
பெயின், ஏக், சோர்.
"எல்லாம் ஒரே எழவுதானட்டி" என்றாள் ஜெபக்கனி.
வார்டில் அப்படிச் சொல்வாளா?
குறுக்கு கடுக்குது என்பவளையும்
காது குத்துது என்பவனையும்
முட்டு குடையுதென்று விடிய விடியப் புரளும்
முக்கூடல் பீடிக்காரியையும்
பாராசிட்டமால் ஒன்றாய்ச் சேர்த்துவிடும்.
காது சேர்க்காது.

அப்புறம் காயம் வந்தது.
விபத்தென்றால் இஞ்சுர்ட்,
ஒருத்தன் ஆயுதம் எடுத்தால் ஊண்டட்.
பலகையில் நடுவே கோடு போட்டான்.
"நாங்க கட்டுப்போடுத அத்தனையையும்
ஊண்டுன்னுதான தம்பி எழுதுதோம்?"
தலையைச் சொறிந்தான்.
"அது ஆஸ்பத்திரி இங்கிலீஷ்க்கா."

மறுநாள் இரவு, ஹைகிரவுண்டு.
பதினொன்றே கால்.
பேட்டையிலிருந்து முப்பிடாதி, வயது முப்பத்தொன்று,
இடது புருவத்துக்கு மேல் ஏழு தையல்.
"மாடிப்படில தவறிட்டேன் சிஸ்டர்."
கூட வந்த பக்கத்துவீட்டுக்காரி
ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அப்புறம் குழாயடியில்,
பாட்டிலில் தண்ணீர் நிறைகிற சத்தத்தோடு,
"அது ஓட்டு வீடு சிஸ்டர்" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

நான் திரும்பி வந்து கேட்டேன்.
"யாரும் அடிச்சாங்களா?"
"சே. அவுக அப்படியாப்பட்ட ஆளு இல்ல."
அவுகளைப் பற்றி
நான் கேட்கவே இல்லை.

கேஸ் ஷீட்டில் பேனா நின்றது.
ஊசி வேண்டாமென்றால் ரெஃப்யூஸ்.
நடந்ததா என்றால் இல்லை என்பது டினை.
தமிழில் ரெண்டுக்கும் மறுத்தாள் போதும்,
தையல் போட்ட புருவத்தோடு
தலையை ஒருமுறை ஆட்டினால் போதும்.
எங்கள் ஏட்டில் எல்லோருமே டினை பண்ணுகிறவர்கள்:
காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை,
சீனி இல்லை, பிரஷர் இல்லை.
ஒருத்தரையும் சந்தேகப்பட்டு எழுதுவதில்லை.
வெளியே போனால் அதே சொல்லுக்குள்
யாரோ அவசரமாய்க் கதவு சாத்துவது கேட்கிறது.
எழுதினேன்.
எந்த இங்கிலீஷில் எழுதினேன் என்று
எனக்கே தெரியவில்லை.

காரணம் என்ற இடத்தில்
மாடிப்படியில் தவறி விழுந்தது.
இஞ்சுரி.

மூன்று மணிக்கு டிரிப் மாற்றப் போனேன்.
முழித்துத்தான் கிடந்தாள்.
"இங்கிலீஷ்ல என்ன எழுதுனீக?"
"நீங்க சொன்னததான்."
"ஓ."
கொஞ்ச நேரம் கழித்து,
"நல்ல இங்கிலீஷா?"
சிரித்துவிட்டேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள்,
தையல் விடவில்லை.

ஐந்து நாற்பதுக்கு
டீக்காரன் வாளிச் சத்தம் வராந்தாவில் வரும்போது
கையைப் பிடித்தாள்.
"சிஸ்டர், அந்த மாடிப்படிய அழிச்சிருங்க."

அழிக்க முடியாது.
வெள்ளை மை பூசக் கூடாது,
கிறுக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு,
பக்கத்தில் நேரம், கையெழுத்து.
அடித்தது என்னவென்று
கோட்டுக்குக் கீழே வாசிக்க முடிய வேண்டும்.
அடித்தது என்று எழுதியபின்தான் பார்க்கிறேன்,
தமிழும் என்னைச் சும்மா விடவில்லை.

கோடு போட்டேன். டாக்டரை எழுப்பச் சொன்னேன்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
இந்த வியாழன் வகுப்புக்குப் போவேனோ என்னவோ.
படிகள் அத்தனையும் இறங்கி
தரையில் நிற்கிறாள் முப்பிடாதி.
"அவுக..." என்றாள்.
நான் இன்னும் எதையும் மொழிபெயர்க்கவில்லை.