எடை போடுகிறவள்

மவுன் நகருக்கு மழைக்கு முன்பே வந்துவிடுகிறார்கள்
வேலை தேடும் விமானிகள்,
நாரைகளுக்கு ஒரு வாரம் முந்தி.

எங்கள் அலுவலகக் கதவு சரியாக மூடாது.
தட்டத் தேவையில்லை, ஆனாலும் தட்டுவார்கள்.
நாற்பது டிகிரி வெயிலில் கழுத்தில் டை,
இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை,
செருப்பில் மட்டும் கழுதைச் சாணம்.
இந்த ஊரில் சாலை கழுதைகளுடையது.
வானம் நாலைந்து கம்பெனிகளுடையது.

நான் விமானி இல்லை. எடை போடுகிறவள்.
ஆளின் எடை, பையின் எடை, பெட்ரோலின் எடை
எல்லாம் கூட்டி
செஸ்னா எழும்புமா என்று தாளில் எழுதுகிறவள்.
சுற்றுலாக்காரர்கள் கிலோவில் பொய் சொல்வார்கள்.
விமானிகள் சொல்லும் பொய்யெல்லாம்
மணிக்கணக்கில்தான்.

ராட்கா பொய் சொல்லவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் பறந்திருக்கிறேன் என்றாள்,
கடைப் பலகையில் சில்லறையைக் கொட்டி எண்ணுகிறவள் போல.
செக் நாட்டில் ஒலோமொட்ஸ் என்றோர் ஊராம்.
அங்கே வங்கிக்கு அவள் கட்ட வேண்டிய கடன்
இங்கே நூற்றிருபது மாடுகளின் விலை.
நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன்.
அத்தனை மாடா, என்று சிரித்தாள்.
பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.

தாமலக்கானே ஆற்றங்கரையில் கூடாரம்.
ஆறு அப்போது மணலாக இருந்தது.
திங்கள்தோறும் வருவாள்.
இன்று ஏதாவது?
இன்று இல்லை.
கபரோனுக்கு ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போய்
வான்சட்டத் தேர்வு எழுதி வந்தாள்.
தொண்ணூற்றொரு மதிப்பெண்.
அந்தத் தாளும் என் மேசையில் சேர்ந்தது,
தேநீர்க் கோப்பையின் வட்டக் கறைகளோடு கிடந்த
மற்ற தாள்களுக்கு மேலே.

பிப்ரவரியில் ஓர் இடம் காலியானது.
நியூசிலாந்துப் பையனுக்குப் பெரிய விமானக் கம்பெனியின் கடிதம்
மதியம் வந்தது. மாலையில் அவன் இல்லை.
பாதி ஷாம்பூவும் ஒரு கெட்டிலும் விட்டுப் போனான்.

வெளிநாட்டவருக்கு அனுமதி கேட்குமுன்
உள்ளூரில் ஆள் இல்லை என்று காட்ட வேண்டும்.
விளம்பரத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.
பதினான்கு நாள் கெடு.
ராட்கா ஒவ்வொரு நாளையும் எண்ணினாள், நானும் எண்ணினேன்.
பதின்மூன்றாம் நாள் ஓர் உறை வந்தது.
கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது,
என் தம்பி ஓலெபிலே.
அரசாங்கக் கடனில் பறக்கப் படித்துவிட்டு
மூன்று வருடமாக டயர் கடையில் காற்றடிக்கிறவன்.
நூற்றுத் தொண்ணூறு மணி.

அன்று நான் தேநீர் குடிக்கவில்லை.

உன் தம்பியா, என்று கேட்டார் தலைமை விமானி கோபுஸ்.
ஆமாம்.
பறப்பானா?
ஏற்றிப் பாருங்கள், என்றேன்.
வேறென்ன சொல்ல?
ஒன்பது நிமிடத்தில் இறங்கி வந்து தலையசைத்தார்.

அவளுக்கு எப்படிச் சொல்வதென்று
ஒரு ராத்திரி முழுக்க வாக்கியம் தேடினேன்.
காலையில் அவளே வந்தாள், தெரிந்து வந்திருந்தாள்.
கையில் ஒரு நோட்டு.
டெல்டாவின் மண் ஓடுதளங்கள் எல்லாம்
அவள் கையால் வரைந்தவை:
இங்கே யானை நிற்கும், முதலில் தாழ்வாக ஒரு சுற்று.
இங்கே மழைக்குப் பின் கிழக்கு முனை சேறு.
ஒன்றில்கூட அவள் இறங்கியதில்லை.
பியர் குடிக்கும் விமானிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதியது.
உன் தம்பிக்கு, என்றாள்.
நான் நன்றி சொல்ல வாயெடுக்கும் முன்
நூறு பூலா, என்றாள்.
கொடுத்தேன். அதுதான் எனக்கும் நிம்மதியாக இருந்தது.

விண்ட்ஹூக் போகும் லாரியில் இடம் பிடித்திருந்தாள்.
அங்கே எந்தக் கதவைத் தட்டலாம்,
யார் செவ்வாய்க்கிழமை மட்டும் சிரிப்பார் என்று
பழைய எடைத்தாளின் பின்பக்கம் எழுதித் தந்தேன்.

கிளம்புமுன் பையைத் தராசில் வைத்தாள், நான் கேட்காமலே.
பதினெட்டுக் கிலோ அறுநூறு.
கூடாரம், வெள்ளைச் சட்டை, பறப்புப் பதிவேடு.
பதிவேடு மட்டும் எவ்வளவு, என்றாள்.
தனியாக வைத்தோம்.
முள் அசையவில்லை.

இது சின்னப் பொருட்களுக்கான தராசு இல்லை, என்றேன்.