நானூற்றுப் பன்னிரண்டாம் மீட்டர்

மின்ட் மணிக்கூண்டு தாண்டி
இரண்டாம் மாடியில் சோதனைக்கூடம்.
லாரியில் வந்த கல்லுருளைகள்
மரப்பெட்டியில் படுத்திருக்கின்றன,
ஆழம் எழுதிய நீல மையோடு.

நானூற்றுப் பன்னிரண்டாம் மீட்டரை
ரம்பத்துக்குக் கொடுக்கிறாள் ஜெபசீலி.
கருங்கல் நடுவே வெள்ளைக் கோடு.
உற்றுப் பார்த்தால் அடுக்கு:
பிளந்து மூடி, மறுபடி பிளந்து மூடி.
முப்பத்தேழு வரை எண்ணினாள்.
அப்புறம் கண் வலித்தது.

அங்கே தண்ணீர் இருந்தது.
கொதிக்கக்கூட இடமில்லாமல்
மலையின் எடை அமுக்கிய தண்ணீர்.
உப்பும் கந்தகமும் ஊறிய வாயால்
பாறை பாறையாய் நக்கி
தங்கத்தைக் கரைத்துச் சுமந்தது.
ஒருநாள் பூமி தோள் மாற்றியது.
பிளவு திறந்தது.
அமுக்கம் விட்ட அந்த நொடியில்
குபீரென்று ஆவி கிளம்ப,
சுமந்ததைச் சுமக்க மாட்டாமல்
சுவரோரம் இறக்கிவைத்தது.

அவளுக்கு இதில் ஆச்சரியமில்லை.
காசிமேட்டு வீட்டில் போர் தண்ணீர் ஒரே கரிப்பு.
வாளியில் போடும் ஹீட்டர் கம்பிக்கு
மாதம் ஒரு வெள்ளைத் தோல்.
வினிகரில் ஊறவைத்துக் கரண்டியால் தட்டுவாள்.
அங்கே அமுக்கம் விட்டதும்,
இங்கே சூடு ஏறியதும்;
எப்படியோ, கையை விடுவது தண்ணீர்தான்.

உலை. ஈயக் குமிழ். அமிலம்.
கடைசியில் குண்டூசி முனை.
டன்னுக்கு அரை கிராம்.
படிவத்தில் ‘தேறாது’ என்று எழுதி
கையெழுத்துப் போட்டாள்.

மீதிப் பாதியைத் திருப்பி அடுக்கும்போது
ஈரக்கை வழுக்கி
கல் விழுந்து இரண்டானது.
கோட்டில் உடையவில்லை.
அரை அங்குலம் தள்ளி,
ஒன்றும் நடக்காத இடத்தில்.

இரண்டையும் சேர்த்து வைத்தாள்,
நீல எண் மேலே தெரியும்படி.