நாலாவது ஆள்

பரங்கிப்பேட்டைக் கிளைக்கு மாற்றலாகி
ஏழாவது மாதம்.
நகைக்கடன் மேசை ருகையாவின் தங்கைக்கு நிக்காஹ்.
மாடியில் பெண்களுக்குச் சாப்பாடு.
சுப்ரா விரித்து, கால் மடக்கி
மூவர் மூவராய்க் காத்திருந்தார்கள்.

"நாலு பேர் சேராம சஹன் வராது, வாங்க"
யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.
உட்கார்ந்தபின்தான் தெரிந்தது
நான்தான் அந்த நாலாவது.

ஒரே தட்டு.
எங்கள் வீட்டில் கல்யாணச் சீர் வைக்கும்
தாம்பாளத்தின் அகலம்.
விளிம்பில் புள்ளிபுள்ளியாய் வெட்டியிருந்தது:
ஜமாஅத், 112.
நெய்ச்சோறு குன்றாக, உச்சியில் கறி,
சரிவெல்லாம் தாளிச்சா வழிந்து.

நான் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற வீட்டில் பிறந்தவள்.
உதடு பட்ட டம்ளரை
இரண்டு தரம் கழுவுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.
பாயசக் கரண்டியை நக்கிப் பார்த்ததற்கு
ஒரு தீபாவளி முழுக்க வசவு வாங்கியவள்.
எச்சில் என்ற சொல்லை
அம்மா என்ற சொல்லுக்கு அடுத்தபடியாகக்
கற்றிருப்பேன்.

அதோடு அன்று எனக்கு
இரண்டாம் நாள்.

மஞ்சக்குப்பத்து வீட்டில் கொல்லைப்புற மாடத்தில்
ஒடுக்கு விழுந்த அலுமினியத் தட்டொன்று
இந்நேரம் எனக்காகக் கவிழ்ந்திருக்கும்.
அதில் சோறு
ஒரு முழ உயரத்திலிருந்து விழும்.

சொல்லிவிடலாமா?
யாரிடம்?
எதிரே மீன் ஏலக்காரர் மனைவி செய்யதம்மாள்
ஐஸ்கட்டி விலையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
இடப்பக்கம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தவள்
வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்:
"அங்கே கரண்டிதான். இங்கே வந்தா
கை தானா இறங்குது."
வலப்பக்கம் பத்தாம் வகுப்பு ஹஸீனா
கறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகலெல்லாம் நோட்டு எண்ணுகிற விரல்கள் இவை.
மீன்செதில் ஒட்டிய நூறு,
இடுப்பு வியர்வையில் ஊறிய ஐநூறு.
யார் மடியில், எந்த நாளில் கிடந்ததென்று
ஒரு தாளையும் கேட்டதில்லை.

பிஸ்மி சொல்லி மூன்று கைகள் இறங்கின.
என் கை மட்டும் விளிம்பில்
112 மேல்.

"உங்க முன்னால இருக்கிறதை எடுங்க அக்கா.
நடுவுல மட்டும் கை வைக்கக் கூடாது.
பரக்கத்து அங்கேதான் இறங்கும்"
என்றாள் ஹஸீனா, வாயில் சோற்றோடு.

எடுத்தேன்.

ஆளுக்கொரு குழி தோண்டினோம்.
குழிக்கும் குழிக்கும் இடையே சோற்றுச் சுவர்.
முதலில் ஒரு விரல் கனம்,
பிறகு ஒரு பருக்கைக் கனம்.
நான் அந்தச் சுவரையே காவல் காத்தேன்.
கவளம் எங்கே, கறி எங்கே, எதுவும் நினைவில்லை.
வெள்ளாற்று முகத்துவாரத்து மணல்திட்டு போல
எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.
யாரும் தொடாத நடு
தானே சரிந்து
நாலு பக்கமும் வந்துகொண்டிருந்தது.

செய்யதம்மாள் ஓர் எலும்பை முறுக்கிச்
சதையைப் பிரித்தாள்.
ஐஸ்கட்டியை நிறுத்தாமலே, என்னைப் பாராமலே
என் பக்கம் தள்ளினாள்.
அவள் விரலின் நெய் அதில் மின்னியது.

தின்றேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.

கெண்டியும் படிக்கமும் வந்தன.
நாலு கைகளின் தண்ணீரும்
ஒன்றிலேயே விழுந்து மஞ்சளாய்க் கலங்கியது.

பேருந்தில் புதுச்சத்திரம் வரை
கையை மோந்துகொண்டே வந்தேன்.

என் மகளுக்குப் பதினோரு வயது முடிந்துவிட்டது.
இன்றோ, ஆறு மாதமோ.
மாமியார் முந்திக்கொண்டு
பாத்திரக் கடையில் ஒரு தட்டு வாங்கி
பெயர்கூட வெட்டி வைத்திருக்கிறார்:
பூவிழி.
இது எவர்சில்வர். காலம் மாறியிருக்கிறதாம்.

நேற்று இரவு இட்லி மாவுக் குண்டானை
அந்தத் தட்டால் மூடி வைத்தேன்.
காலையில் மாவு பொங்கி
தட்டைத் தூக்கி நிறுத்தியிருந்தது,
பெயரெழுத்துகளுக்குள் எல்லாம் மாவு.

மாமியார் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.

இட்லி ஊற்றினேன்.
எல்லோரும் சாப்பிட்டார்கள்.