பொருள்

கடவுச்சொல் இருபத்தாறு எழுத்து.
இடித்துவிட்ட புளோக்கின் எண்,
அப்பா ஓட்டிய டாக்சியின் எண் தலைகீழாக,
நடுவில் ஓர் ஆச்சரியக்குறி, ஒரு கெட்ட வார்த்தை.
குளிக்கும்போதுகூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

லேக்சைடில் ஏறினால்
குல் சர்க்கிளில்தான் உட்கார இடம் கிடைக்கும்.
அதுவரை நின்றபடியே
ஒரு மாதம் கைப்பேசியில் படித்தேன்:
பொதுச்சாவி, தனிச்சாவி,
எதை ஊருக்குக் கொடுக்கலாம்,
எதைப் பெற்றவளுக்கும் காட்டக் கூடாது.
சம்பளப் பிரிவு எழுத்தருக்கு இதெல்லாம் எதற்கென்று
ரயிலில் யாரும் கேட்கவில்லை.

எழுதியது கொஞ்சம்தான்.
துவாஸ் பட்டறையில் நூற்றுப் பதினேழு பேர்.
மூன்று மாத ஓவர்டைம் எங்கே?
பேரேடு இரண்டு. காட்ட ஒன்று, கொடுக்க ஒன்று.
காட்டுகிற பேரேட்டில்
ரஃபிக்குலும் செல்வராசுவும் ஸின் மோ துன்னும்
ஒரே பேனாவில், ஒரே சாய்வில்
கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
சில பக்கங்களில் அந்தப் பேனா என்னுடையது.

'அனுப்பு' தொட்டேன்.
கடிதம் நொறுங்கி
எந்த மொழிக்கும் சொந்தமில்லாத எழுத்துக் குப்பையாகி
டெஸ்கர் சாலையில் ஒரு மாடிக்குப் போய்
இந்துமதியின் சாவி பட்டதும்
மறுபடி தமிழாயிற்று.
எத்தனை கணினி எத்தனை ஆயுள் முயன்றாலும்
உடைக்க முடியாதாம்.
நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் உறைமேல் எழுத வேண்டியதை
எழுதித்தானே ஆக வேண்டும்.
யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு,
பொருள்.
உள்ளே இருப்பதற்குத்தான் பூட்டு,
அந்த ஒரு வரி திறந்தபடியே போகும் என்று
படித்த பக்கங்களில் எங்கோ இருந்திருக்கும்.
அப்போது ஜூ கூன் வந்திருக்கும்,
யாரோ என் காலை மிதித்து இறங்கியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தபோது
நான் பேன்ட்ரியில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன்.
மேசையில் குப்புறப் போட மறந்த கைப்பேசி
பூட்டிய முகத்தோடு தானாக ஒளிர்ந்தது.
இந்துமதி, தொழிலாளர் உதவி மேசை என்று ஆங்கிலத்தில்.
கீழே, பொருள்: 117 பேர்.
பக்கத்து மேசை ஷியூ ஃபெனுக்குத் தமிழ் தெரியாது.
இந்த அலுவலகத்தில் தமிழே ஒரு பூட்டு
என்று நினைத்திருந்தேன்.
எழுத்தை அவ்வளவு பத்திரமாக மறைத்தேன்,
எண் போய்ச் சொல்லிவிட்டது.

திங்கள் காலை திரு லியாவ்
எனக்கும் சேர்த்து கோப்பி வாங்கி வைத்திருந்தார்.
"நீ என்ன எழுதினாய், எனக்குத் தெரியாது லா.
தெரிய வேண்டியதும் இல்லை.
அந்த அலுவலகம். அந்த எண்.
போதும்."
குரலில் கோபம் இல்லை.
கண்ணாடிக்கு அப்பால் ஷியூ ஃபென்
தலை தூக்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.
அவளுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது.
கோப்பியில் பால் ஏடு கட்டும்வரை
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
மாத முடிவு வரை யோசி என்றார்.

பூட்டு இன்னும் உடையவில்லை.
நல்ல பூட்டு.

அன்றிரவு
கொடுக்கிற பேரேட்டின் படங்களை இணைத்தேன்.
என் சாய்வு இருக்கும் பக்கங்களையும்,
ஒன்றையும் விடாமல்.
பொருள் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
கைப்பேசி கேட்டது,
பொருள் இல்லாமல் அனுப்பவா?

பொருள் தேடிக் கடல் தாண்டி வந்தவர்கள்
இந்நேரம் விடுதிக் குழாயடியில்
வாளியோடு வரிசையில் நிற்பார்கள்,
நாளைய சட்டையை அலச.

ஆம் என்று தொட்டேன்.
மணி பதினொன்று நாற்பத்திரண்டு.
அதுவும் எங்கோ பதிவாகியிருக்கும்.