விடுவிப்பு

வண்ணார்பேட்டை பைபாஸில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
இங்கிருந்து கடல் தெரியாது.
தூத்துக்குடித் துறைமுகம் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி,
என் திரையில் ஒரு நீலக் கோடு.

இன்றிரவு கணக்கில் ஏழு பெட்டிகள்.
ஆறு போய்விட்டன.
மிச்சம் ஒன்று: கானாவிலிருந்து தேக்கு,
செங்கோட்டை மைதீன் பிச்சை மரவாடிக்கு.
மாலையிலிருந்து நாலு தரம் கூப்பிட்டுவிட்டார்.
"ஏ புள்ள, வாளு சும்மா கெடக்கு,
ஆளு சும்மா கெடக்கான்,
கூலி மட்டும் ஓடுது."
கஸ்டம்ஸ் முடிந்தது. கப்பல்காரன் பாக்கி தீர்ந்தது.
இனி என் விரல்தான்.

முன்பெல்லாம் ஓர் எண் வரும். ஆறு இலக்கம்.
அதைச் சொன்னவனுக்குப் பெட்டி.
கேட்டில் யாரும் முகம் பார்ப்பதில்லை,
எண் சரியென்றால் கிரேன் இறங்கும்.
மின்னஞ்சலில் வரும், வாட்ஸப்பில் போகும்,
டிரைவர் மாடக்கண்ணு உள்ளங்கையில் எழுதி
வியர்வையில் அழிந்து
மறுபடி கேட்பான்.
எத்தனை பேருக்குக் கொடுத்தாலும்
கொடுத்தவரிடமும் மிச்சமிருக்கும்,
வதந்தி மாதிரி.

அப்படித்தான் போனது அந்தப் பெட்டி.
செம்புக் கழிவு, இருபத்திரண்டு டன்.
விடியற்காலை நாலேகாலுக்கு
யாருடையதோ ஒரு லாரி சரியான எண்ணோடு வந்து
கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனது.
எங்கள் லாரி ஐந்தரைக்குப் போய் நின்றது.
மூன்றாம் நாள் எட்டயபுரம் சாலையில்
உடைமரங்களுக்கு நடுவே
கதவு திறந்த பெட்டி மட்டும்.
உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில்.

"எண்ணு யார்கிட்ட இருந்துச்சு?" என்றார்கள்.
என்னிடமும் லூர்துராஜிடமும்.
லூர்துராஜுக்கு லாரிக்காரர்கள் எல்லாம் சிநேகம்.
அது போதுமாயிருந்தது.
மேஜை டிராயரிலிருந்து அவன் எடுத்துப் போனது
ஒரு டிபன் கேரியர், ஒரு மாதா படம், சார்ஜர்.

நான் சொல்லாதது:
முந்தின மாலை, தூத்துக்குடியிலிருந்து திரும்பும் பஸ்ஸில்
வல்லநாடு தாண்டும்போது போன் வந்தது.
ஹார்ன் சத்தத்தில் எதிர்முனைக்குக் கேட்கவில்லை.
எண்ணை உரக்கச் சொன்னேன்,
ஒவ்வொன்றாக, இரண்டு தரம்.
முன் சீட்டில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.
சத்தத்துக்காகப் பார்த்திருக்கலாம்.
நான்கு வருஷமாக
அவர் சத்தத்துக்காகத்தான் பார்க்கிறார்.

இப்போது எண் கிடையாது.
உரிமை ஒன்றுதான், ஒரு நேரம் ஒருவரிடம்தான்.
கப்பல்காரன் எனக்கு விடுவிக்கிறான்,
நான் லாரிக் கம்பெனிக்கு.
அனுப்பிய நொடியில் என் பக்கம் சாம்பல் நிறமாகிவிடும்.
கொடுத்தால் கொடுத்ததுதான்.
யார், எப்போது, யாருக்கு
எல்லாம் அழியாமல் வரிசையில் நிற்கும்.

கம்பெனிப் பெயரைத் தேர்கிறேன்.
பெறுபவர்: எஸ். லூர்துராஜ்.

அந்தப் பெயரில் தூத்துக்குடியில் தெருவுக்கு மூன்று பேர்.
அவனுக்குத் தலையெழுத்து எஸ்தான் என்று ஞாபகம்.
அல்லது ஏ.
பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக்:
சரிபார்க்கப்பட்டவர்.

கீழே ஒரு கட்டம்: குறிப்பு, தேவையெனில்.
'அன்றைக்கு பஸ்ஸில்' என்று அடித்தேன்.
அழித்தேன்.
மைதீன் பிச்சை ஐந்தாவது தரம் கூப்பிட்டார்.
'சீல் பார்த்து எடுக்கவும்' என்று அடித்து
நீங்கள்தானா என்று கேட்ட போனில்
கட்டைவிரலை வைத்தேன்.

சாம்பல் நிறம்.
மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.
அந்தப் பக்கத்திலிருந்து
'பெறப்பட்டது' என்று வந்தது.
வேறொன்றும் இல்லை.

விளக்கணைத்துப் படியிறங்குகையில்
உதடு தானாகச் சொல்கிறது:
எட்டு, பூஜ்யம், மூன்று, மூன்று, ஒன்று, ஆறு.
இனி எந்தக் கதவையும் திறக்காது.
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.