ஓரத்தில் போட்ட கோடுகள்

மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் காபி,
கட்டைவிரலுக்கடியில் எண்ணும் பொறி.
மணிக்குப் பதினாறு டாலர்.
மருந்துக்கடைக்கும் தபால் நிலையத்துக்கும் நடுவே
மெயின் தெருவை நடந்து கடப்பவர் எத்தனை பேர்
என்று எண்ணிச் சொல்வது வேலை.

ஹார்லன் ஃபோர்க்கில் மெயின் தெருதான்
மாநில நெடுஞ்சாலையும்.
சோளம் ஏற்றிய லாரிகளுக்கு
எங்கள் ஊர் ஒன்றரை நிமிடத் தொந்தரவு.

முதல் மணி நேரத்தில் இரண்டு.
உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய தபால்காரர்.
மற்றது நாய்;
பிறகு கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

பத்தேகாலுக்கு வெர்லா ஹுபாசெக்.
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்,
முழங்கால் மாற்றியதிலிருந்து வாக்கரோடு.
நடைபாதை விளிம்பில் நின்றாள்.
லாரி. லாரி. ஒரு பிக்கப். லாரி.
ஒரு கால் இறங்கியது, ஏறியது.
திரும்பிப் போய்விட்டாள்.
வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன்.
அவளுடைய நீல பியூக் மெல்லப் பின்வாங்கி
நாலு தெரு சுற்றி
மருந்துக்கடை வாசலில் வந்து நின்றது.
தெருவின் அகலம் ஐம்பத்திரண்டு அடி.

என் படிவத்தில்
நடப்பவருக்குக் கட்டம் இருந்தது,
சைக்கிளுக்கு இருந்தது,
சக்கர நாற்காலிக்கும் இருந்தது.
வந்து, நின்று, திரும்பியவருக்கு இல்லை.
ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.

மாலையில்
கட்டத்துக்குள் பத்தொன்பது.
ஓரத்தில் நாற்பத்தொன்று.

"பத்தொன்பது பேருக்காகவா வெள்ளைக்கோடு?
நடக்கவே ஆளில்லாத இடம்" என்றார்
மாவட்டப் பொறியாளர் கர்டிஸ் வெண்ட்லாண்ட்.
கெட்டவர் இல்லை.
அன்று மதியம் உணவகத்தில் பை சாப்பிட்டுவிட்டு
எதிரே இருக்கும் நகர மன்றத்துக்குக்
காரில் வந்தவர்.
முப்பத்தேழாவது கோடு.

சொல்லலாமா என்று யோசித்தேன்.
சொல்லிவிட்டேன்.
கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
தாளைக் கேட்டு வாங்கினார்,
ஓரத்தை விரலால் எண்ணினார்,
நாற்பத்தொன்று வரைக்கும்.

முப்பது நாள் சோதனை என்றார்கள்.
முனைகளில் வைக்கோல் கட்டுகள்,
மாட்டுத் தொட்டிகளில் செவ்வந்தி,
ஐம்பத்திரண்டு இருபத்தெட்டாகச் சுருங்கியது.
முடிதிருத்துபவர் ரூபெனுக்கு
இரண்டு கார் நிறுத்தும் இடம் போன கோபம்.
இன்னும் பேசுவதில்லை என்னோடு.
இரண்டாம் இரவே யாரோ ஒரு கட்டை மோதிச் சிதறடிக்க,
காலையில் வங்கி மேலாளர்
டையைத் தோளில் போட்டுக்கொண்டு
தெருவைப் பெருக்கினார்.

மறுபடி எண்ணப் போனேன்.
காற்றில் சோளச் சோகை,
தொட்டியில் யாரோ வீசிய காபிக் கோப்பை.
வெர்லா விளிம்பில் நின்றாள்.
லாரி வந்தது. பெருமூச்சுவிட்டு நின்றது.
ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரல் உயர்ந்தன.
அவள் நம்பவில்லை;
நீ போ என்று கையசைத்தாள்.
அவன் போகவில்லை.
இவளும் இறங்கவில்லை.
பின்னால் ஹாரன்.

பிறகு வாக்கரின் முன்சக்கரம் இறங்கியது.

நடுத்தெருவில் நின்று
தலைக்குட்டையைச் சரிசெய்தாள்,
தன் வீட்டுக் கண்ணாடி முன் நிற்பதுபோல்.
எதிர்ப்பக்கம் ஏறியபின்தான்
என் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது.

அன்று சனிக்கிழமை.
மருந்துக்கடை பன்னிரண்டு மணிக்கே மூடிவிடும்.
அது வெர்லாவுக்கும் தெரியும்.